உருளாத புல்



போன ஞாயிற்றுக்கிழமை காலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் சேப்பாக்கம் மைதானம். யாரோ அடித்த சிக்ஸரில் பந்து பறந்துபோய் மூலைச் சேற்றில் விழுந்தது. எடுக்கப் போன பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண், பந்தை எறிந்துவிட்டு, கையில் ஒரு பச்சைத் தண்டோடு நேரே என் வாசலுக்கு வந்துவிட்டாள்.

“மாமா, இந்தப் புல்லு உருளவே மாட்டேங்குது!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “எங்கே, உருட்டிக் காட்டு” என்றேன்.

தண்டைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினாள். நெல் தாளை இப்படி உருட்டினால் வழுக்கிக்கொண்டு ஓடும். இதுவோ ஒரு சுற்றுக்கு மூன்று தரம் தடுக்கித் தடுக்கி நின்றது. டக், டக், டக்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மனையில் எத்தனை கால்கள் அந்தச் செடியை மிதித்திருக்கும்! அதற்கு மூன்று மூலை இருப்பதை ஒன்பது வயது விரல்கள்தான் கண்டுபிடித்தன. நீயும் அந்த ஜாதிப் பிள்ளைதான். இல்லையென்றால் புல்லைப் பற்றிய கட்டுரையை இதுவரை படித்திருக்கமாட்டாய்.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், வா.

முதலில் ஒரு ரகசியம். அது புல்லே இல்லை. அதன் பெயர் கோரை.

“எங்க பாட்டி கோரைப்புல்லுன்னுதானே சொல்லுவாங்க?” என்று அவள் உடனே மடக்கினாள். கெட்டிக்காரி! பாட்டி சொன்னதில் தப்பில்லை. நட்சத்திர மீன் என்கிறோம். அது மீனா? இல்லையே. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் வந்த பெயர் அது. இதுவும் அப்படித்தான்.

புல் குடும்பம் பெரிய குடும்பம். அருகம்புல், நெல், கேழ்வரகு, மூங்கில், பொங்கலுக்கு நாம் கடிக்கிற கரும்பு எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். கோரைக் குடும்பம் அதற்கு அடுத்த வீடு. சொந்தக்காரர்கள்தான், ஆனால் ரேஷன் கார்டு வேறு. உலகம் முழுவதும் 5,000-க்கும் மேற்பட்ட கோரை வகைகள் இருக்கின்றன. அவள் பிடுங்கி வந்தது, நம் ஊர்த் தோட்டங்களிலும் காலி மனைகளிலும் சாண் உயரத்துக்கு முளைக்கிற சாதாரணக் கோரை. தாவரவியல் பெயர் சைபரஸ் ரொட்டண்டஸ்.

புல்லையும் கோரையையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

கரும்பை நினைத்துக்கொள். கடிக்கும்போது எது பல்லைப் பதம் பார்க்கும்? கணு. மூங்கிலிலும் கணு உண்டு, நெல் தாளிலும் உண்டு. புல் என்றால் தண்டில் கணு இருக்கும். கோரையின் பூத்தண்டை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார். வழவழவென்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு கணு கூடத் தட்டுப்படாது.

இலை தண்டைச் சுற்றிக்கொள்ளும் இடத்தை இப்போது பார். அதற்கு இலையுறை என்று பெயர். புல்லின் இலையுறை வேட்டி மாதிரி. சுற்றியிருக்கும், ஆனால் ஒரு பக்கம் திறப்பு இருக்கும். கோரையின் இலையுறை லுங்கி மாதிரி. சுற்றிலும் மூட்டித் தைத்தது போல மூடியிருக்கும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். பரவாயில்லை, இனி மறக்கமாட்டாள்.

கடைசியாக, செடியை மேலிருந்து பார். புல்லின் இலைகள் இரண்டு பக்கம்தான் போகும், நீ இரண்டு கையையும் விரித்து நிற்பது மாதிரி. கோரையின் இலைகள் மூன்று பக்கம் போகும். தலைக்கு மேலே பார், உன் வீட்டு மின்விசிறிக்கு எத்தனை இறக்கை? அதேதான்.

இதுவரை புரிந்ததா? கணு இல்லை, லுங்கி உறை, மின்விசிறி இலை. சரி, மேலே போவோம்.

தண்டு ஏன் மூன்று மூலையாக இருக்கிறது? இதற்கு நான் பதில் சொல்வதைவிட நீயே கண்டுபிடிக்கலாம். தினசரி காலண்டரில் நேற்றுக் கிழித்த தாளை எடு. ஒரு ஓரத்தைப் பிடித்து நீட்டு. மறு ஓரம் தொங்கிப் போகும். அதே தாளை நீளவாக்கில் மடித்து, மூன்று பக்கம் உள்ள குழாயாக ஒட்டு. இப்போது நீட்டு. விறைப்பாக நிற்கிறதா? தாள் அதேதான், எடையும் அதேதான். உருவம் மாறியதும் பலம் வந்துவிட்டது.

இனி ஒரு கோரைத் தண்டின் இரு முனையையும் பிடித்துக் கொஞ்சம் முறுக்கிப் பார். முறுக்கிக்கொள்ளும். வளைப்பது கஷ்டம், முறுக்குவது சுலபம். இதுதான் கோரையின் தந்திரம். பலமாகக் காற்று அடித்தால் அது எதிர்த்து நிற்பதில்லை. உடம்பை முறுக்கித் தலையைத் திருப்பிக்கொள்ளும். பட்டம் காற்றுக்கு மார்பைக் காட்டும். கோரை முதுகைக் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கோரைக்கும் மூன்று மூலை இருக்கும் என்று வகுப்பில் போய்ச் சத்தியம் செய்துவிடாதே. உருண்டைத் தண்டுக் கோரைகளும் உண்டு. இயற்கை போடுகிற விதிகள் இலக்கண விதிகள் மாதிரி. புறனடை இல்லாமல் இருக்காது.

தண்டின் உச்சியில் குடைக் கம்பி போல நாலைந்து காம்புகள் விரிந்து, அவற்றின் நுனியில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கதிர்கள் இருக்கும். அவைதான் பூக்கள். இதழும் இல்லை, தேனும் இல்லை. மகரந்தத்தைக் காற்றே கொண்டுபோகிறது. வண்டைக் கூப்பிடத் தேவையில்லாதவனுக்குக் கடை வாசலில் வண்ணப் பலகை எதற்கு?

இனி மண்ணுக்குள் போவோம். வேடிக்கையெல்லாம் அங்கேதான்.

எனக்கு உன் வயது இருக்கும்போது நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் அம்மா கத்தரிச் செடி போட்டிருந்தார். கோரையைப் பிடுங்கிப் போட்டால் வாளிக்கு நாலணா என்று அம்மா சொன்னதுதான் தாமதம், ஒரே சாயங்காலத்தில் மூன்று வாளி நிரப்பினேன். முக்கால் ரூபாய்! அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், ஒன்றுமே நடக்காதது போல அத்தனையும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. “முடியை வெட்டிட்டு ஆளையே காலி பண்ணிட்டேன்னு சொல்ற. கிழங்கு உள்ளதானடா இருக்கு” என்றார் அம்மா. அடுத்த வாரம் காசு கிடையாது.

கொத்தினால் தோண்டிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் கறுப்பாக ஒரு கிழங்கு. அதிலிருந்து கம்பி போன்ற ஒரு தண்டு போய் இன்னொரு கிழங்கு. அங்கிருந்து இன்னொன்று. தாம்பரம் – கடற்கரை மின்ரயிலில் பெட்டிக்குப் பெட்டி கொக்கி போட்டிருப்பார்களே, அப்படியே.

இந்த ரயிலில் ஒரு விசேஷம். வரிசை அறுபடாமல் இருக்கும்வரை பெரும்பாலும் நுனிக் கிழங்குதான் முளைவிடும். பின்னால் இருப்பவை தூங்கும். நீ கொத்தைப் போட்டு வரிசையை அறுத்தாயானால், தூங்கிய ஒவ்வொன்றும் எழுந்து தனித்தனியாக முளைக்கும். கொக்கியைக் கழற்றிய உடனே ஒவ்வொரு பெட்டியும் இன்ஜின் ஆகிவிட்ட கதை! ஒரே ஒரு கிழங்கு மூன்று மாதத்தில் ஏறக்குறைய நூறு கிழங்கு ஆகிவிடும். உலகத்திலேயே உழவர்களுக்கு மிக அதிகத் தொல்லை கொடுக்கும் களை எது என்று அறிஞர்கள் பட்டியல் போட்டபோது, முதல் இடம் கொடுத்தது இந்தச் சாண் உயரச் செடிக்குத்தான். என் அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் நாலணாவை எட்டணா ஆக்கியிருப்பார்.

நம் உழவர்களிடம் இதற்கு மருந்து உண்டு. சித்திரை வெயிலில் நிலத்தை ஆழமாக உழுது கிழங்கை மேலே புரட்டிப் போடுவார்கள். வெயிலில் காய்ந்து சுருங்கி அது செத்துவிடும். கோடை உழவு என்று இதற்குப் பெயர்.

கிழங்கை நசுக்கி மோந்து பார். கற்பூரமும் ஈர மண்ணும் கலந்தது போல ஒரு மணம். எங்கேயோ மோந்த மாதிரி இருக்கிறதா? உனக்கு அம்மா தேய்த்துவிட்ட நலங்கு மாவில் இருந்திருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். முத்தக்காசு என்றும் சொல்வார்கள். மோந்து பார்க்கலாம். வாயில் மட்டும் போடாதே, அது வைத்தியர் பாடு.

“அப்ப பாய் பின்றது இதுலதானா மாமா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் இதில் இல்லை. சாண் உயரத் தண்டில் பாய் நெய்தால் அணில்தான் படுக்கலாம். பாய்க்கு ஆள் உயரம் வளர்கிற அதன் அண்ணன் வேண்டும். அதற்குப் பாய்க்கோரை என்று பெயர். அறிவியல் பெயர் என்ன தெரியுமா? சைபரஸ் பங்கோரை. பங்கோரை! காதில் ஏதாவது விழுகிறதா? லத்தீன் சட்டைக்குள் நம் ‘கோரை’ அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 1773-இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் ராட்பொல் என்ற டென்மார்க் நாட்டுத் தாவரவியலாளர். அந்தக் காலத்தில் நம் தரங்கம்பாடி டென்மார்க்காரர்கள் கையில் இருந்தது.

கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் பாய்க்கோரையைப் பயிராகவே வளர்க்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் தாமிரபரணியை ஒட்டிய பத்தமடையில் நெய்யும் பாய்க்குத் தனிப் புகழ். பச்சைத் தண்டை அறுத்து, நீளவாக்கில் கீறி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை எடுத்துவிடுவார்கள். தோலை மட்டும் காயவைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் மெல்லிய இழையாகக் கிழிப்பார்கள். அந்த இழையைப் பருத்தி நூல் பாவில் கோத்து நெய்தால் பட்டுத்துணி போல மடிக்கக்கூடிய பாய் வரும். கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயரைக்கூட அதில் நெய்து தருவார்கள். 1953-இல் இங்கிலாந்து அரசி எலிசபெத்துக்கு முடிசூட்டு விழா நடந்தபோது பத்தமடைப் பாய் பரிசாகப் போயிருக்கிறது.

இங்கே கொஞ்சம் நில். தோலை வைத்துக்கொண்டு சோற்றை எடுத்துவிடுவார்கள் என்றேனே, கவனித்தாயா? கோரையின் பலமெல்லாம் வெளியேதான். உள்ளே மெத்தென்று இருக்கும். தொல்காப்பியர் மரம் செடிகளை இரண்டாகப் பிரித்தபோது இதைத்தான் அளவுகோலாக வைத்தார். வெளியே வைரம் பாய்ந்தவை புல், உள்ளே வைரம் பாய்ந்தவை மரம். அந்தக் கணக்குப்படி தென்னையும் பனையும்கூடப் புல்தான்! இன்றைய தாவரவியல் பிரிப்பது வேறு விதம். ஆனாலும் தண்டை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த மனிதர் எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். அதனால் அவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நாம் தூக்கிப் போடும் சோற்றை எகிப்தியர்கள் விடவில்லை. நைல் நதிச் சதுப்பில் வளரும் பாப்பிரஸ் என்ற உயரக் கோரையின் தோலைச் சீவி எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றைப் பட்டை பட்டையாக அரிந்தார்கள். நெடுக்காக ஒரு வரிசை, குறுக்காக ஒரு வரிசை பரப்பி அழுத்திக் காயவைத்தார்கள். எழுதுவதற்குத் தாள் கிடைத்தது. ஆங்கிலத்தில் ‘பேப்பர்’ என்ற சொல்லே அந்தப் பாப்பிரஸிலிருந்து வந்ததுதான்.

சரி, அந்தச் சோறு கோரைக்கு எதற்கு? பாய் நெய்கிறவருக்கு வேண்டாம், எழுதுகிறவருக்கு வேண்டும். செடிக்கு?

உன் வீட்டுத் தொட்டிச் செடிக்கு யாராவது ஆசையில் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? வேர் அழுகிச் செத்துவிடும். வேருக்கும் மூச்சு வேண்டும், கண்ணு. சாதாரண மண்ணில் மணலுக்கும் மணலுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. தண்ணீர் தேங்கினால் அந்த இடமெல்லாம் அடைபட்டுப் போகும். ஆனால் உயரக் கோரை ஏரியின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில், சேற்றுக்குள் வேரை விட்டுக்கொண்டு சுகமாக நிற்கிறது. எப்படி?

தண்டின் சோறு முழுவதும் நுண்ணிய காற்றறைகள். இளநீர்க் கடையில் உறிஞ்சுகுழல் கொடுப்பார்களே, அதில் பொடிப்பொடியாக நூறு குழலைக் கட்டி நிறுத்தியது போல வைத்துக்கொள். மேலே இருக்கும் காற்று இந்த வழியாக வேர்வரை இறங்குகிறது. உயரக் கோரைத் தண்டு கிடைத்தால் ஒரு துண்டு நறுக்கித் தண்ணீர் டம்ளரில் போடு. தக்கை மாதிரி மிதக்கும். உள்ளே இருக்கும் காற்றுதான் காரணம்.

அந்தக் காற்றில் கொஞ்சம் வேரிலிருந்து கசிந்து சேற்றுக்குள்ளும் போகிறது. ஏரிச் சேறு கறுப்பாக இருக்கும், பார்த்திருக்கிறாயா? ஆக்சிஜன் இல்லாத சேறு அது. அதில் நிற்கும் கோரையைப் பிடுங்கி அலசினால் வேரின்மேல் செம்பழுப்பாக ஒரு பூச்சு தெரியும். அது என்ன? துரு! மழையில் நனைந்த இரும்பு கேட்டில் பிடிக்கிறதே, அதே துரு. சேற்றில் கலந்திருக்கும் இரும்பு, வேரிலிருந்து வரும் ஆக்சிஜனைச் சந்தித்துத் துருவாகிவிட்டது. வேர் மூச்சுவிட்டதற்கு அதுதான் சாட்சி. அங்கே கூடும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் வரும் அழுக்கைத் தின்று சிதைக்கின்றன. தண்டுகள் நெருக்கமாக நிற்பதால் ஓடிவரும் தண்ணீரின் வேகம் குறைந்து வண்டல் கீழே படிகிறது. கரை மண் கரையாமல் வேர்ப் பின்னல் பிடித்துக்கொள்கிறது.

கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டேனோ? மூச்சு வாங்கிக்கொள். அடுத்தது சுலபம்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போகும்போது, அப்பாவோ அம்மாவோ கூட இருந்தால், கரையில் நின்றபடியே தண்ணீர் ஓரத்துத் தண்டுகளை உற்றுப் பார். தனியாக மட்டும் போகாதே, தண்ணீரில் இறங்கவே இறங்காதே. தண்டில் சாணுக்கு மேலே காய்ந்துபோன பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் எடையே இருக்காது. முதுகில் ஒரு கீறல். உள்ளே ஆள் இல்லை!

அது தட்டான் கழற்றிப் போட்ட சட்டை. தட்டான்பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளரும். கொசுப் புழுக்களைப் பிடித்துத் தின்னும். பெரியதானதும் ஏதாவது ஒரு தண்டைப் பிடித்து மேலே ஏறிவரும். முதுகு வெடிக்கும். கசங்கிய சிறகோடு தட்டான் வெளியே வரும். சிறகு விரிந்து காயும்வரை அதே தண்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். ஏறுவதற்குத் தண்டு இல்லாமல் சுற்றிலும் வழவழவென்று சிமெண்ட் பூசிய ஏரியாக இருந்தால் அது எங்கே ஏறும்? நீயே யோசி.

கோரைப் புதரின் அடியில் விரால் தன் குஞ்சுக் கூட்டத்தை மேய்த்துக்கொண்டு திரியும். மேலே நீலத் தாழைக்கோழி நடக்கும். நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நெற்றியிலும் சிவப்புப் பொட்டு. நீளமான விரல்களால் தண்டைப் பிடித்து, கிளி மாதிரி வாய்க்குக் கொண்டுபோய், உரித்து உரித்துத் தின்னும். கரும்பு தின்ன அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

தாழைக்கோழியை நிறையப் பார்க்க வேண்டுமானால் தாம்பரம் – வேளச்சேரி சாலையில் பேருந்தின் ஜன்னல் ஓரம் உட்கார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் வரும். அங்கே உயரமாக, உச்சியில் சாக்லேட் குச்சி ஐஸ் செருகியது போல நிற்பதைப் பார்த்துக் கோரை என்று நினைத்துவிடாதே. அது சம்பு. சம்பங்கோரை என்று சொல்வாரும் உண்டு, ஆனால் குடும்பம் வேறு. கோரை அதன் காலடியில், கொஞ்சம் பணிவாக நிற்கும்.

பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்து! சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிக்கு ஏரி கைமாறி, கடைசியில் பள்ளிக்கரணையில் சேரும். பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். தொடர் ஓட்டத்தில் குச்சியைக் கைமாற்றுகிற மாதிரி. ஒவ்வொரு ஏரியின் ஓரத்திலும் கோரை நின்று, ‘மெதுவாப் போ, மெதுவாப் போ’ என்று தண்ணீரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

2015 டிசம்பர் முதல் தேதி. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. உன் பென்சில் பெட்டியில் இருக்கும் ஸ்கேல் 15 சென்டிமீட்டர். அப்படி மூன்றை ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தினாலும் நாலு சென்டிமீட்டர் குறையும். முடிச்சூர்ப் பக்கம் வீடுகளுக்குள் படகு விட்டார்கள். அந்த மழையைக் கோரை தடுத்திருக்கும் என்று நான் சொல்லமாட்டேன், அது பொய். தண்ணீர் தனக்குப் பழக்கமான இடங்களைத் தேடி வந்தது. அங்கே வீடுகள் இருந்தன.

பள்ளிக்கரணையும் ஒரு காலத்தில் இன்னும் பல மடங்கு பரந்து கிடந்ததுதான். மிஞ்சிய இடத்தில் சுமார் 1,248 ஹெக்டேர், 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ராம்சார் என்பது ஈரான் நாட்டில் ஓர் ஊர். ஈரநிலங்களைக் காப்பாற்றப் பல நாடுகள் 1971-இல் அங்கே கூடி ஒப்பந்தம் போட்டன. ஊர் பெயரே பட்டியலுக்கும் நின்றுவிட்டது.

இங்கே வந்ததும் நம் குட்டிப் பெண் ஒரு கேள்வி கேட்டாள் பார். நான் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை.

“அப்ப நம்ம கிரவுண்டுலயும் முன்னாடி ஏரி இருந்துச்சா மாமா?”

இதற்கு நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அவள் பிடுங்கி வந்த குட்டைக் கோரையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அது பூந்தொட்டியில்கூட முளைக்கும். கொஞ்சம் ஈரம் போதும். ஆனால் உயரக் கோரை அப்படி இல்லை. வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நின்றால்தான் அது நிலைக்கும். ஓர் இடம் ஈரநிலமா என்று ஆராய்கிறவர்கள் மண்ணைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்ப்பார்கள், கூடவே அங்கே முளைத்திருக்கும் செடிகளையும் பார்ப்பார்கள்.

“மூலையில என் தோள் உசரத்துக்கு ஒண்ணு இருக்கே!” என்று குதித்தாள்.

சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு போனேன். பந்து விழுந்த அதே மூலை. கணுக்கால் அளவு தண்ணீர். நாலைந்து தூறு உயரக் கோரை, உச்சியில் குடை விரித்து நின்றது. ஒரு தண்டை விரலில் வைத்து உருட்டச் சொன்னேன். டக், டக், டக்.

அதுவும் போதாது. சாட்சிக்கு இன்னொருவர் வேண்டும். தெருமுனையில் மாட்டுத் தொழுவம் வைத்திருக்கும் பால்காரத் தாத்தாவிடம் போய்க் கேட்டோம். அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும்.

“எந்த மூலை? மாமரம் சாஞ்சாப்பல நிக்குமே, அதுக்குக் கீழயா?” என்றார். ஆமாம் என்றோம்.

“அது தாங்கல் ஆச்சே!” என்று சொல்லிவிட்டு மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டார்.

தாங்கல் என்றால் இந்தப் பக்கத்து வழக்கில் ஏரியைவிடச் சின்னதாக, மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் நீர்நிலை. பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர் பெயர்களில் வருகிறதே, அதுதான். மின்ரயிலில் தினமும் பழவந்தாங்கல் என்ற பெயரைக் கேட்டுவிட்டுத்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். எனக்கு உறைக்கவில்லை.

வைக்கோலைப் போட்டுவிட்டுத் தாத்தா திரும்பி வந்தார்.

“எங்க அப்பா காலத்துல எருமைய அங்கதான் உடுவோம். சாயந்திரம் பள்ளிக்கூட மணி அடிச்சாலும் ஏறி வராது, அவ்ளோ தண்ணி. கோரையப் புடிச்சி இழுத்துக்கினு நாங்கதான் எறங்கணும்.”

குட்டிப் பெண் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த தண்டை மெல்ல ஒரு முறை உருட்டினாள்.